முகம் உனக்கு, விரல் எனக்கு

என் அக்கா வீட்டுக் குளியலறைக் குழாய் நாற்பது நாளாக ஒழுகுகிறது. குழாய்க்காரர் தினமும் போனில், "வந்துக்கிட்டே இருக்கேன் சார், தெருமுனையிலதான் நிக்கிறேன்" என்கிறார். என் அத்தான் தினமும் அதை நம்பி, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். அரை மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "பாவம், வழியில வேற வேலை வந்திருக்கும்" என்கிறார். நாற்பது நாளில் ஒருநாள்கூட அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இந்த மனிதர்தான் பொய்யைக் கண்டுபிடிக்கும் நிபுணர். கேட்டால் சிரிப்பு வருகிறதா? மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு இதைத் தினமும் பார்க்கிற எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அத்தான் இருபத்தாறு வருடம் அரசு ஆய்வுக்கூடத்தில் பொய்யறியும் கருவியோடு குப்பை கொட்டியவர். திருடன், கொள்ளைக்காரன், ஒன்றும் தெரியாத அப்பாவி என எல்லோருக்கும் மார்பில் குழாயைச் சுற்றி, கையில் பட்டையைக் கட்டி, விரலில் தகடு மாட்டி, கோடு வரைந்து பார்த்தவர். ஆனால் பழக்காரர் "தேன் மாதிரி இருக்கும் சார்" என்று சொன்னால் போதும், சப்பென்று இருக்கும் பழத்தை மூன்று கிலோ தூக்கிக்கொண்டு வருவார். "ஊருல இருக்குற பொய்யை எல்லாம் பிடிக்கிறாராம். இவரு காதுல பூ சுத்த நம்ம தெருவே வரிசையில நிக்குது" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அத்தான் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "வீட்டுலயும் மெஷினை வெச்சுக்கிட்டா உக்கார முடியும்? நான் என்ன, தூங்க வேணாமா?" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டிலேயே இருந்தது இரண்டே மாதம். அந்த இரண்டு மாதத்தில் அக்காவின் சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். அக்கா மாடிக்கு ஏறி வந்து, "இந்த மனுஷனை எங்கயாவது கொண்டுபோய் விடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நான் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்பனைக்காரி. அப்போதுதான் எங்கள் இயக்குநர் ஒரு புது நிகழ்ச்சிக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஏதாவது ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறவர்கள் விருந்தினராக வருவார்கள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பவர், பக்கத்து வீட்டுப் பூனையை நான் விரட்டவில்லை என்பவர், என் உயரத்துக்கு மீன் பிடித்தேன் என்பவர். காலையில் அவர்களுக்குச் சோதனை, மதியம் மேடை. தொகுப்பாளர் உறையைப் பிரித்து, உண்மையா பொய்யா என்று அறிவிப்பார். "எங்க அத்தான் சும்மாதான் இருக்காரு" என்று நான் ஒரு வார்த்தை விட்டேன். மறுநாளே அவருக்கு அடையாள அட்டை மாட்டிவிட்டார்கள்.

நிலையத்தில் அவர் பெயர் கோடு சார். கணினித் திரையில் கோடு ஓடினாலும், அதைக் காகிதத்தில் எடுத்து, அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. வருகிற விருந்தினரின் கை குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் பையை மடியில் வைப்பார். கேட்கப்போகும் கேள்விகளை எல்லாம் முன்கூட்டியே படித்துக் காட்டுவார். "என்ன சார் இது, பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைக் குடுக்குறீங்க?" என்று இயக்குநர் அலுத்துக்கொள்வார். "திடுக்குனு கேட்டா யாருக்கும்தான் நெஞ்சு அடிக்கும். நமக்கு வேண்டியது அது இல்லையே" என்பது அத்தானின் பதில். அவர் சீட்டில் உண்மை என்றோ பொய் என்றோ எழுதியதும் கிடையாது. 'அசைவு உண்டு', 'அசைவு இல்லை', அவ்வளவுதான். அதைத் தொகுப்பாளர்தான் ஊருக்குப் புரிகிற மாதிரி பொய் என்றும் உண்மை என்றும் உடைத்துச் சொல்வார். மூன்றாவதாக ஒரு சீட்டும் உண்டு, 'சொல்ல முடியவில்லை' என்று. அதை இயக்குநர் முதல் வாரமே தடை செய்துவிட்டார். "சார், அரங்கத்துல நூறு பேரை உக்கார வெச்சுட்டுத் தெரியலைன்னு சொன்னா, செருப்பு பறக்கும்."

அவருக்கும் எனக்கும் மட்டும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. விரல் நுனியில் வியர்வை ஊறுவதைத்தான் அந்தத் தகடு அளக்கும். அங்கே களிம்போ பவுடரோ இருந்தால் கோடு கெட்டுப்போகும். "முகம் உனக்கு, விரல் எனக்கு. எல்லை தாண்டக் கூடாது மச்சினி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் ஒரு மாதம் எல்லோர் விரலையும் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பிறகு பஞ்சு தீர்ந்தது, வாங்கவில்லை. "அதான் நீ பாத்துக்குறியே" என்றார். அதற்குப் பதில் தினமும் என் அறை வாசலில் தலையை மட்டும் நீட்டி, "மச்சினி, கையில ஏதாவது போட்டியா?" என்பார். "இல்ல அத்தான்" என்பேன். "சரிம்மா" என்று விருந்தினரை அழைத்துப் போவார். ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது.

அப்படி ஒருநாள் வந்தவள் ஒரு தங்கை. துணிக்குச் சாயம் போடும் ஆலையில் வேலை. பதினோரு வருடத்துக்கு முன் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய், அது நின்றுபோனது. கடிதத்தில் இருந்த கையெழுத்து தங்கையின் கையெழுத்தைப் போலவே இருந்ததாம். அன்றோடு அக்கா தங்கையிடம் பேச்சை நிறுத்தினாள். பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். தங்கை அந்தப் பிள்ளைகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். எங்கள் நிகழ்ச்சிக்கு அவளே எழுதிப் போட்டு, சொந்தக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அக்காவையும் வரவழைத்திருந்தாள். மெஷின் உண்மை என்று சொன்னால் அன்றைக்கே தங்கையை வீட்டுக்குக் கூட்டிப்போவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். பொய் என்று சொல்லிவிட்டால், இனி செத்தாலும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள்.

எனக்கு என் அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவை மாடிப்படியில் நின்று கத்தாவிட்டால் காது அரிக்கும். இந்தப் பெண் பதினோரு வருடம் எப்படித்தான் தாங்கினாளோ!

தங்கை ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளைக் கைப்பைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். "கையை எடும்மா, துணி போத்தணும்" என்றதும் தயங்கித் தயங்கி எடுத்தாள். விரல் எல்லாம் முட்டி வரைக்கும் நீலம், நகக்கண்ணில் சிவப்பு.

"எவ்வளவு தேய்ச்சாலும் போகலைக்கா. இதைப் பெருசாக் காட்டுவாங்களா?"

காட்டுவார்கள். விரலில் தகடு மாட்டுவதைத்தான் கேமரா முட்டி முட்டி எடுக்கும். அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. என் புத்தி எங்கே மேயப் போனதோ, "இதுக்குப் போயா கவலைப்படுறே?" என்று முகத்துக்குப் பூசும் களிம்பை எடுத்தேன். முதலில் புறங்கை, பிறகு முட்டி, பிறகு நுனி வரைக்கும். என் கைவேலையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் பெற்ற தாய் பார்த்தாலும் சாயம் தெரிந்திருக்காது. அந்தப் பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அத்தான் தலையை நீட்டினார். "மச்சினி, கையில ஏதாவது போட்டியா?"

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இல்ல அத்தான்" என்று வாய் தானாகச் சொன்னது. ஆறு வருடப் பழக்கம். அவர்கள் போய்க் கதவு மூடிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே மண்டையில் ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், சோதனை அறைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. உள்ளே யாரும் போகக் கூடாது. போன மாதம்தான் தொகுப்பாளரின் காலரில் மை பட்டதற்கு இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தப்பு நடந்தா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். நான் மெதுவாக என் அறைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அத்தான் வந்தார். கையில் கோட்டுக் காகிதம். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். மச்சினி என்று கூப்பிடவில்லை.

"ஏம்மா, மூச்சு, ரத்தம் ரெண்டுலயும் பெருசா ஒண்ணும் இல்ல. ஒரே கேள்விகளை மூணு சுத்து கேட்டேன். விரல் கோடு மட்டும் மொத ரெண்டு சுத்துலயும் செத்துக் கிடந்துச்சு. மூணாவது சுத்துல, 'அந்தக் கடிதத்தை நீங்க எழுதினீங்களா'ன்னு கேட்டதும் நட்டுக்கிட்டு எழுந்துச்சு. எனக்கு இது பிடிக்கலை. நல்லா யோசிச்சுச் சொல்லு, கையில எதையாவது போட்டியா?"

காலையில் சொன்னது வாய்ப்பழக்கம். இது அப்படி இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இல்ல அத்தான்."

"சரிம்மா" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் மேசை மேலேயே காகிதத்தை விரித்து, சீட்டில் 'அசைவு உண்டு' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். குழாய்க்காரரை நம்புகிற அதே முகம்.

மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. தங்கை என்னைத் தேடிக்கொண்டு அறைக்கே வந்துவிட்டாள். கைப்பையிலிருந்து இரண்டு சின்னச் சட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. ஆலையில் மிஞ்சிய சாயத்தில் அவளே முக்கி எடுத்ததாம். அக்கா பிள்ளைகளுக்கு. "அளவு தெரியலைக்கா. போட்டோவைப் பாத்து ஒரு குத்துமதிப்பா தெச்சேன். பெரியவனுக்கு ஏழு வயசு இருக்கும்ல?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அத்தானிடம் போய்ச் சொல்லலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். மூன்று தடவையும் உட்கார்ந்தேன். இயக்குநருக்குப் பயந்தது பாதிதான். மீதிப் பாதி, அந்த "சரிம்மா". அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

மூன்று மணிக்கு மேடை. தொகுப்பாளர் நடுவில். ஒரு பக்கம் தங்கை, மடியில் கைப்பை. இன்னொரு பக்கம் அக்கா, அவளைப் பார்க்காமல் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போலத் திரை ஓரத்தில், கையில் பஞ்சுப்பொதியோடு நின்றேன். தொகுப்பாளர் உறையைத் தூக்கிக் காட்டினார். முழவு ஒலி போட்டார்கள். தங்கை இரண்டு கையையும் கூப்பியபோது பார்த்தேன். வேர்த்து, களிம்பு கரைந்து, விரல் நுனியில் நீலம் எட்டிப்பார்த்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். ஐந்து கேமராவுக்கும் நடுவே போய் நின்று, "அதைப் பிரிக்காதீங்க! தப்பு என்னுது! அந்தப் பொண்ணு விரல்ல நான்தான் களிம்பு பூசினேன்!" என்று கத்தினேன்.

"கட்! கட்! யாருய்யா அது?" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அலறினார். பின்னறையிலிருந்து அத்தான் வந்தார். மனிதர் ஆறு வருடத்தில் ஒருநாள்கூட மேடை ஏறியதில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினார்.

"போட்டியாம்மா?"

"போட்டேன் அத்தான். காலையிலயும் பொய் சொன்னேன், நீங்க திரும்பக் கேட்டப்பவும் பொய் சொன்னேன்." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொகுப்பாளர் கையிலிருந்த உறையை வாங்கி, நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இயக்குநர் இறங்கி ஓடி வந்தார். "சார், என்ன பண்றீங்க? கையைக் கழுவிவிட்டு இப்பவே இன்னொரு தடவை எடுங்க. பத்து நிமிஷம் தர்றேன்."

"முடியாது சார். அந்தப் பொண்ணைப் பாருங்க, எப்படி நடுங்குறான்னு. இப்ப அவ பேரைக் கேட்டாக்கூடக் கோடு குதிக்கும்."

"அப்ப நான் ஜனங்களுக்கு என்னத்தைச் சொல்றது?"

"எனக்குத் தெரியலைன்னு சொல்லுங்க." அத்தான் இரு பெண்களின் பக்கமும் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. கடிதத்தை இவங்க எழுதினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியலை. என் மெஷினுக்கும் தெரியலை."

அரங்கத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஒரு செருப்பும் பறக்கவில்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தாள். பதினோரு வருடம் காத்திருந்து வந்த இடத்திலும் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதே என்று எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேக்கவா?" என்றாள் அக்கா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அத்தான் அவளிடம் சாதாரணமாக, குழாய்க்காரர் எப்போது வருவார் என்று விசாரிக்கிற குரலில், "நீங்க கேட்டீங்களாம்மா?" என்றார்.

"என்னது?"

"தங்கச்சிகிட்ட. அப்போ கேட்டப்ப என்ன சொன்னாங்க?"

"கேக்கலை" என்றாள் அக்கா. "கேட்டா இல்லைன்னுதானே சொல்லுவா. அதான் கேக்கலை."

அப்புறம் ஒரு காரியம் செய்தாள். திருப்பிப் போட்டிருந்த நாற்காலியை நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"நீ எழுதினியாடி?"

"இல்லக்கா."

அக்கா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "சரி" என்றாள்.

அவ்வளவுதான். உறை இல்லை, முழவு இல்லை. தங்கை நின்ற இடத்திலேயே விம்மிக்கொண்டு, கைப்பையைப் பிரித்து அந்தச் சட்டைகளை நீட்டினாள். அக்கா மஞ்சள் சட்டையை வாங்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தோள் அளவைப் பார்த்தாள்.

"சின்னவனுக்கு இது பத்தாதுடி. நல்லா வளந்துட்டான். வந்து பாரு" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு பார்த்தால் என் முகத்தில்தான் அன்றைக்கு மேடையிலேயே கேவலமான ஒப்பனை.

இயக்குநர் இரண்டு நாள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். என்னை வேலையை விட்டுத் தூக்கப்போவதாகச் சொன்னார். "அவளைத் தூக்கினா நானும் போறேன்" என்றார் அத்தான். பொய்யறியும் ஆள் கடையில் கிடைக்கிற பொருள் இல்லை என்பதால் விஷயம் அதோடு அடங்கியது. அந்த அக்காவும் தங்கையும் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. யாரும் ஆகா ஓகோ என்று சொல்லவில்லை. ஒரே ஒருவர் போன் செய்து, தொகுப்பாளரின் சட்டை எங்கே வாங்கியது என்று கேட்டார்.

படப்பிடிப்பு நடந்த அன்று சாயங்காலம் பேருந்தில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஐந்தாவது நிறுத்தத்தில் கேட்டேன். "அத்தான், மதியம் என் எதிர்ல உக்காந்து கேட்டீங்களே. நான் பொய் சொல்றேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? இருபத்தாறு வருஷ அனுபவம்!"

"இல்லையே" என்றார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "உன்னை நான் அப்படிப் பாத்ததே இல்லைம்மா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் அக்கா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அதை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அடுத்த வாரம் படப்பிடிப்பு. விருந்தினர், மூன்று வருடமாக மனைவிக்குத் தெரியாமல் இனிப்புத் தின்றதே இல்லை என்கிற ஒரு தாத்தா. இயக்குநர் அத்தானின் மேசையில் ஒரு பெரிய பஞ்சுப் பொட்டலத்தை வைத்து, "இனிமே யாரையும் நம்பாதீங்க சார், நீங்களே துடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தாத்தாவின் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தேன். அத்தான் பொட்டலத்தோடு உள்ளே வருவார், என் கண் முன்னாலேயே தாத்தாவின் விரலைத் துடைப்பார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன்.

வாசலில் தலை மட்டும் நீண்டது.

"மச்சினி, கையில ஏதாவது போட்டியா?"

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்ல அத்தான்."

"சரிம்மா" என்றார். தாத்தாவின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். பஞ்சுப் பொட்டலம் அவர் மேசையில் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. சாயங்காலம் நான்தான் அதை எடுத்து வந்து என் பெட்டிக்குள் வைத்தேன். இப்போதெல்லாம் அவர் தலையை நீட்டுவதற்கு முன்பே, வருகிற ஒவ்வொருவரின் பத்து விரலையும் நானே துடைத்துவிடுகிறேன்.